துணுக்கு மாஸ்டரும் இரண்டாவது பிரேக்கும்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. துணுக்கு மாஸ்டர் என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருக்குத் தொழில், தகவல் சொல்வது மூச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததில்தான் வில்லங்கம்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார். உலகத்தின் முதல் போக்குவரத்து விளக்கு எரிவாயுவில் எரிந்தது, ஒரே மாதத்துக்குள் வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரரையே பதம் பார்த்துவிட்டது என்பார். அதற்குள் பச்சை விழுந்து, பின்னால் நிற்பவர்கள் ஹாரனாலேயே திட்டிக்கொண்டிருப்பார்கள். மழை பெய்தால் வைப்பர் கதை. வைப்பருக்குக் காப்புரிமை வாங்கிய பெண்மணியை, இதெல்லாம் வியாபாரத்துக்கு ஆகாது என்று ஒரு கம்பெனி திருப்பி அனுப்பிய கதை. மழை பெய்யாவிட்டாலும் வைப்பரைப் போட்டுக் காட்டிச் சொல்வார். கற்றுக்கொள்ள வந்தவர் எங்கே தப்பிப்பார்? சீட்பெல்ட் போட்டிருக்கிறாரே.

சொன்ன தகவல் எதுவும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் என்றைக்காவது மடக்கி வாயை அடைத்திருக்கலாம்.

பயிற்சி வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவ வைத்தது. மாஸ்டருக்கோ பேச்சு சூடுபிடித்தால் கால் தானாக அதை அமுக்கும். மூச்சு வாங்கும்போது விட்டுவிடும். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும். கற்றுக்கொள்கிறவர்கள் தங்கள் கால்தான் சரியில்லை என்று நொந்துகொள்வார்கள்.

அவருக்கு மிகப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. வண்டியின் வேகத்தைத் தானாகச் சீராக வைத்திருக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர் பார்வையற்ற பொறியாளர். அவருடைய வக்கீல் கார் ஓட்டிக்கொண்டே பேசினால் வேகம் குறையுமாம், காது கொடுத்துக் கேட்டால் கூடுமாம். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் அவருக்கு யோசனையே வந்தது என்பார்கள். மாஸ்டர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நாலைந்து தடவை தூக்கிப் போட்டிருக்கும். "அந்த வக்கீல் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்திருப்பான் பாருங்க" என்று மனம்விட்டுச் சிரிப்பார்.

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தி, கத்தரிக்கோல் என்ற இரண்டு சொல்லோடு அரை நாள் ஓடுகிற இடம் அது. அங்கிருந்து வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் செருப்பின் வரலாறு காத்திருக்கும். அந்த அம்மா "ம்" கொட்டியே குடித்தனம் நடத்தினாள்.

அவளுடைய தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போனபோது தன் பழைய காரை அக்காவுக்கு விட்டுப் போனான். காலை டியூட்டிக்குப் பஸ்ஸில் நசுங்கிப் போகிறவளுக்கு அது பெரிய வரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரே கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார். ரவுண்டானா வரைக்கும் நன்றாகத்தான் போனாள். அங்கே அவருக்கு ரவுண்டானா ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் சில ஊர்களில் உள்ளே நுழைகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அதனால் எல்லாரும் நுழைந்துவிட்டு வெளியேற முடியாமல் சிக்கி நின்றார்கள் என்று தொடங்கினார். கால் பிரேக்கைத் தேடியது. மச்சான் காரில் ஏது இரண்டாவது பிரேக்? கை சும்மா இருக்குமா, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. நட்ட நடுவில் வண்டி நின்றது, சுற்றிலும் வண்டிகள் சிக்கின. அவள் கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளுக்குத் தைரியம் பத்தாது, இதெல்லாம் சரிப்பட்டு வராது என்று மாஸ்டர் பள்ளி முழுக்கச் சொல்லிவைத்தார்.

சில மாதங்கள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குத் தையல்கடைக்காரம்மா ஒருவரை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். எதிர்த்தெரு பயிற்சிப் பள்ளியின் வண்டியும் வந்திருந்தது. அந்தப் பள்ளி மாஸ்டருக்குச் சைலன்சர் என்று பட்டப்பெயர். இடது, வலது, நிறுத்து, இவ்வளவுதான் அவர் அகராதி. அந்த ஆளைக் கிண்டல் செய்ய வாய் திறந்தவர், அந்த வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நர்ஸ் உடையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

மனைவி இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்தாள். டிரேயில் கருவிகளை அடுக்குகிற நிதானம். தேர்வு அதிகாரி தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். அடுத்து மாஸ்டரின் தையல்கடைக்காரம்மா. வண்டியைப் பின்னால் எடுத்தவர், பழக்கத்தில் பக்கத்தில் யாரோ பிரேக் போடுவார்கள் என்று காத்திருந்து, யாரும் போடாததால் கம்பத்தைச் சாய்த்தார்.

மாஸ்டர் மனைவியிடம் போனார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"முதன்முதல்ல கார்ல ரொம்ப தூரம் போனது யாருங்க?"

பழக்கதோஷம், பதில் தானாக வந்தது. "அந்தக் காரை உண்டாக்கினவரோட சம்சாரம்."

"புருஷன்கிட்ட சொல்லிட்டா போனாங்க?"

"சொல்லாமத்தான்" என்றார். மானம் கப்பலேறிய அந்த நிலையிலும் அவரால் தகவலைக் குறையாக விட முடியவில்லை. "ஆனா பசங்க ரெண்டு பேரு கூடப் போனாங்க."

சைலன்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அவர் சிரித்து யாராவது கேட்டிருந்தால் அது அந்த இருமல்தான்.

செய்தி மாஸ்டருக்கு முன்னால் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்தப் பெண்டாட்டியே எதிர்த்தெருவில் கற்றுக்கொண்டால் இங்கே எவன் வருவான் என்று முதலாளி குதித்தார். தையல்கடைக்காரம்மாவும் எதிர்த்தெருவுக்கு மாறிவிட்டார். மாஸ்டரை வண்டியிலிருந்து இறக்கி, சாலைக் குறியீடுகள் நடத்தும் வகுப்பறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்றுதான் முதலாளி நினைத்தார். கேட்டுத்தான் தீரவேண்டும் என்று பெஞ்சில் உட்காரவைத்த ஆட்களைக் கண்டதும் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் மைதானத்திலிருந்து திரும்பிய அன்று சாப்பிடும்போது அவர் பேசவே இல்லை. மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"நான் அவ்வளவா பேசறேன்?"

"பேசுங்க, வேணாங்கல. எங்க தியேட்டர்ல என்ன நடக்குதுன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

கேட்டார். புது டாக்டர் ஒருவர் தவறான கண்ணுக்கு மருந்து போடப்போனதையும், தான் கையைப் பிடித்து நிறுத்தியதையும், அதற்கு அவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாததையும் அவள் சொன்னாள். நடுவில் "கண் ஆபரேஷன் எப்ப ஆரம்பிச்சதுன்னா" என்று தொடங்கியவர் பாதியில் விழுங்கிக்கொண்டார். அந்த ஒன்றை விழுங்கியதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

இப்போது தினமும் காலையில் அவள்தான் அவரைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். முதல் இரண்டு நாள் முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பின்கதவைத் திறந்து ஏறினார். ஏன் என்று கேட்டாள்.

"பின்னாடி உக்காந்தா ஞாபகசக்தி கூடும்னு ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய்த் துணுக்கு அது. அவளும் எந்த நாட்டு ஆராய்ச்சி என்று கேட்கவில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரை மாற்றினாள்.