பாசிக் குழுவுக்கு நான் எழுதிய மனு

“...அப்படின்னா கடலுக்கும் இங்கிலீசு தெரியணுமா கொழுந்தனாரே? பாசிக்குத் தெரியணுமா? எனக்குத் தெரியலங்கிறதுக்காக என்னைய வெளிய நிப்பாட்டுறாளே அந்தப் பொண்ணு, இது எந்த ஊரு நாயம்?” என்று கேட்டுக்கொண்டே மதினி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பாம்பன் பாலம் தாண்டி, தீவுக்குள் கரையோரமாக, மூங்கில் தெப்பம் கட்டிக் கடல்பாசி வளர்க்கிறவள். நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் கிடையாது. தெப்பத்தை இழுத்துக் கட்ட ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக் கட்டி முடித்து, கரைக்கு வந்து ஈரத்தோடு உட்கார்ந்தபோதுதான் போன் கத்தியது.

குரூப்பை நடத்தும் பெண் அனுப்பிய செய்தி இதுதான். அடுத்த மாதத்திலிருந்து குரூப்பில் எல்லோரும் இங்கிலீஷில் மட்டுமே எழுத வேண்டும், வேறு பாஷையில் குரல் அனுப்பக் கூடாது, மறுப்பு இருந்தால் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லலாம். நான் படித்துத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மதினி மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

அந்தக் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் பாசியைப் பற்றிப் படிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பல நாட்டுக் கரைகளில் பாசி வளர்க்கும் பெண்களைத் தேடிப்போய்ப் பார்த்து, அத்தனை பேர் நம்பரையும் போனில் ஒன்றாகக் கோத்துவிட்டுப் போனாள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஒரு தீவு, அப்புறம் நம்ம கரை. அவரவர் பாஷையில் பேசி அனுப்புவார்கள், கூடவே ஒரு படம் போடுவார்கள். போனே மொழி மாற்றிக் கொடுக்கும் வசதியை நானும் தட்டிப் பார்த்தேன். மதினியின் பேச்சைக் கேட்டு அது திணறிப் போனது. என் அண்ணனே சில நேரம் திணறுவான், பாவம், போன் என்ன செய்யும்.

இதில் ஆப்பிரிக்கத் தீவுக்காரி ஒருத்திக்கும் மதினிக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. பேர் வாயில் நுழையாததால் மதினி அவளை ‘ஏ பிள்ள’ என்றுதான் கூப்பிடுவாள். தினமும் காலையில் மதினி பேசுவாள், மத்தியானம் அவள் பேசுவாள். ஒரு வார்த்தை விளங்காது. “என்ன மதினி சொல்றா?” என்று கேட்டால், “அங்கன மழை. தகரத்துல விழுகுற சத்தம் கேக்கலையா? ரெண்டு நாளா கடலுக்குப் போகல, அதான் கொரலு உக்காந்து கெடக்கு” என்பாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாள் வரும் படத்தில் அவள் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பாசி எடுக்க இறங்கும்போது விரல்களில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள், பாறை கீறாமல் இருக்க. மதினி ஒருநாள் பாசிக்கொத்தைக் கையில் பிடித்துப் படம் போட்டபோது அந்தச் சுற்றிய விரல்களும் படத்தில் இருந்தன. இரண்டு வாரம் கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு படம் வந்தது. பாசிக்கொத்து, அதைப் பிடித்த கறுத்த விரல்கள், விரல்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பூப்போட்ட துணிக் கிழிசல். மதினி அன்றைக்குக் கடற்கரை முழுக்க அந்தப் படத்தைக் காட்டினாள். “நான் சொல்லவே இல்ல, அவளாவே கட்டிருக்கா பாரு” என்று.

இருந்தாலும் நான் இங்கிலீஷ் பக்கம்தான் நின்றேன். அதற்குக் காரணம் உண்டு. போன கச்சான், அதாவது மேல்காற்று, அடித்த நேரத்தில் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி நீளமாகப் பேசி அனுப்பினாள். எவளுக்கும் விளங்கவில்லை. ஏதோ வாழ்த்து என்று நினைத்து மதினி ரோஜாப்பூப் படம் ஒன்று போட்டாள். இந்தோனேசியாக்காரி கையெடுத்துக் கும்பிடும் பொம்மை போட்டாள். அப்புறம் குரூப்பை நடத்தும் அந்த வெளிநாட்டுப் பெண் மொழிபெயர்த்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது: அவள் பாசி முழுக்க நுனியிலிருந்து வெளுத்து அழுகிப் போய்விட்டது, உங்கள் கரைக்கும் வரும், முன்கூட்டியே அறுத்துவிடுங்கள் என்று எச்சரித்திருக்கிறாள். அதற்குள் எங்கள் கரையிலும் பாதித் தெப்பம் வெளுத்திருந்தது. ஆனால் மதினிக்கு அதைவிட அந்த ரோஜாப்பூதான் உறுத்தியது. “எல்லாம் போச்சுன்னு அழுகுறவளுக்குப் பூவ நீட்டிருக்கேனே, என்னைய என்னன்னு நெனச்சிருப்பா?” என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் சொன்னேன்: “இனிமே நீங்க சொல்லுங்க மதினி, நான் இங்கிலீசுல எழுதித் தாரேன்.”

இங்கே என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க மனு இங்கிலீஷ். பழைய மனுக்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கற்றது. அதில் வணக்கம் உண்டு, பொருள் உண்டு, பணிவு உண்டு, தேதி உண்டு. முதியோர் பென்ஷன் நின்றுபோன ஒரு ஆத்தா ஒருமுறை என் மேசைக்கு வந்து, “நான் உசுரோட இருக்கேன்னு நானே வந்து சொன்னாலும் கம்ப்யூட்டரு நம்ப மாட்டேங்குது தம்பி” என்றது. அந்த வார்த்தை இன்றைக்கும் என் நோட்டில் இருக்கிறது. இப்படி மனுஷர் சொல்கிற சொல்லையெல்லாம் குறித்துவைக்கிறவன் நான். ஆனால் ஆத்தாவின் மனுவில் நான் எழுதியது, ‘மேற்படி விண்ணப்பதாரர் உயிருடன் உள்ளார்’ என்றுதான். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

ஆப்பிரிக்கக்காரியின் மகள் மாசமாக இருந்தாள். வயிறு தள்ளிய படமெல்லாம் வந்திருந்தது. நாள் நெருங்கிய நேரத்தில் ஒரு வாரமாகச் சத்தத்தையே காணோம். மதினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் வந்து, “எழுதுப்பா. ஏ பிள்ள, ஒம் மக பெத்துட்டாளா இல்லையா? ஒரு சேதியும் சொல்லாம இருக்கியே, எனக்கு இங்கன மனசு கெடந்து அடிக்குது, சோறு எறங்கல, அப்படின்னு எழுது” என்றாள்.

நான் எழுதினேன். தொடக்கத்தில் மதிப்பிற்குரிய அம்மையீர் என்றும், பொருள் என்று கோடு போட்டு, தங்கள் மகளின் பிரசவம் குறித்து என்றும், விவரத்தைக் காலதாமதமின்றித் தெரிவிக்குமாறு மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் என்றும், எல்லாம் சுத்தமான இங்கிலீஷில். கீழே தங்கள் உண்மையுள்ள என்று போட்டு மதினியின் பேரையும் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பதினோரு நாள் பதில் இல்லை. மதினி காலையில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். “இங்கிலீசுல கேட்டாச்சுல்ல, அவ சொல்லட்டும்” என்றாள். போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் வந்த பதிலைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, மதினி கேட்டதற்காக, மறுபடி எடுத்துப் படித்துக் காட்டினேன். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. பிரசவம் நடந்தேறியது. தாயும் சேயும் நல்ல நிலையில் உள்ளனர். மேற்கொண்டு என்ன விவரங்கள் தேவை என்று தெரிவிக்கவும். கீழே அவள் பேர். அதற்கும் கீழே அடைப்புக்குறிக்குள், எழுதியவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் என்று இருந்தது. முதல் தடவை அந்தக் கடைசி வரியை நான் கவனிக்கவில்லை.

“என்னது, வாத்தியாரா எழுதுனது?” என்றாள் மதினி.

“ஆமா மதினி. அவளுக்கும் இங்கிலீசு தெரியாது போல.”

“அப்ப அவ அங்கன வாத்தியார் வீட்டுக்கு அலைஞ்சிருக்கா. ஆசுபத்திரிலருந்து காயிதம் வந்துருக்குன்னு பயந்துருப்பா. நான் இங்கன ஒன்னையக் கூப்புட்டு எழுதச் சொன்னேன். நீயும் அந்த வாத்தியாரும் பேசிக்கிட்டு இருந்துருக்கீங்க. நாங்க ரெண்டு பேரும் எங்கப்பா போனோம்?”

போனை அவள் பக்கம் நீட்டினேன்.

“புள்ள பொறந்துருக்கு. ஆணா பொண்ணான்னு கூட இல்லையே இதுல” என்று போனைத் தடவினாள். “ஒன்னையத் திட்டல. ஒனக்கு வந்தத நீ எழுதுன.”

“மதினி, அந்தப் பொண்ணு சொல்றதுலயும் தப்பு இல்ல. பாசி வெளுத்த அன்னிக்கு எவளுக்காச்சும் வெளங்கியிருந்தா நம்ம தெப்பம் தப்பிச்சிருக்கும்.”

“நான் இல்லங்கலையே. பூவப் போட்டவ நான்தானே.” தெப்பங்களின் பக்கம் கையைக் காட்டினாள். “ஒண்ணு செய்யி. பாசிக்கு நோவு, காத்து, மருந்து, இதெல்லாம் இங்கிலீசுலயே எழுதட்டும். நான் ஒன்னைய வச்சுப் படிச்சுக்கிறேன். ஒனக்கும் ஞாயித்துக்கிழம வேற என்ன வேல. ஆனா நல்லது பொல்லாதுன்னா என் வாயாலதான் பேசுவேன். வெளங்கலன்னாலும் பரவால்ல. இத எழுது. மனு மாதிரி எழுதாத.”

பணிவு இல்லாமல் இங்கிலீஷ் எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை தானாக மதிப்பிற்குரிய என்று போனது, அழித்தேன். கடைசியில் மூன்றே வரி. நோய் வந்தால் இங்கிலீஷில் எழுதுகிறேன். எனக்காக என் கொழுந்தன் எழுதுவான். மகிழ்ச்சியும் துக்கமும் என் குரலில் அனுப்ப விடுங்கள். தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“கொழுந்தன்னு போட்டியா?”

“இங்கிலீசுல அதுக்குத் தனியா வார்த்த இல்ல மதினி. புருசனோட தம்பின்னு சுத்தி வளச்சுப் போட்டேன்.”

“அதுக்கே வார்த்த இல்லையாம், அதுல எல்லாத்தயும் பேசணுமாம்” என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “சரி, அனுப்பு.”

அனுப்பினேன். பதில் ஒன்றும் உடனே வரவில்லை. குரூப் பெண்ணின் ஊரில் அப்போது என்ன நேரமோ. மதினி போனை என் கையிலிருந்து வாங்கி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். எழுந்து நின்று, நான் எழுதிய மூன்று வரிக்குக் கீழே மைக்கை அழுத்திப் பிடித்தாள். ஏதோ பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கையை வாய்க்கு அணைகொடுத்து, பக்கத்துத் தெப்பங்களில் குனிந்து நின்ற பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, பிள்ளை பிறந்த வீட்டில் போடுவதுபோல நாக்கைச் சுழற்றி மூச்சு தீரும்வரை குலவை போட்டாள்.