பாரம் குறைத்துப் படகோட்டிய எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அட்டைப் படத்தைப் பார்த்து, "நல்ல மனுசன்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். பந்தி எங்கும் ஓடிவிடாது. மூத்த மகள் என்ற முறையில் நான் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகும்படி வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன். மரண அறிவித்தலில், "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து" என்று போட்டிருந்தோம். அந்தச் சுகவீனம் எங்கிருந்து வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், நான்காவது பிள்ளையாக அப்பா பிறந்தார். தோட்டப் பாடசாலையோடு படிப்பு நின்றது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கப் பிடிக்காமல் நீர்கொழும்புக்குப் போய், மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்தும் பட்டறையில் சேர்ந்தார். அதுவரை கடலையே பார்த்திராதவர் கடல்காரர்களின் இஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகினார். பல வருடங்களுக்குப் பிறகு, யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய ஓர் இஞ்சினோடு திரும்பி வந்து, சின்ன ஃபைபர் படகு ஒன்றைத் தேடிப்பிடித்து, கொத்மலை நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கத் தொடங்கினார். அம்மாவைக் கல்யாணம் முடித்த பிறகு கம்பளையில் குடியேறினார்கள். அம்மாவின் ஒரே அண்ணனான எங்கள் மாமாவுக்கு அங்கே கடை இருந்தது. தங்கையை மீன்காரனுக்குக் கொடுத்துவிட்டோமே என்ற குறை மாமாவுக்குக் கடைசிவரை போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மூக்கைச் சுளிப்பார். மீன் குழம்பை மட்டும் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அந்தப் பழைய இஞ்சினிடம் அப்பா வாங்கிய வேலையைப் போல வேறு யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. கடலோரத்துக்கு ஏற்றபடி சரிபார்த்த இஞ்சின் மலைக்கு வந்தால் மூச்சு வாங்கும் என்பார். இங்கே காற்று மெலிசு. அதனால் பெற்றோல் போகும் அளவைக் குறைத்தார். தண்ணீரைத் தள்ளும் விசிறியையும் மாற்றி, வேகம் குறைந்தாலும் இழுவை கூடிய ஒன்றைப் பூட்டினார். நாள்பட்ட பெற்றோலை ஊற்றவே மாட்டார். படகைக் கவிழ்த்து, அடியில் பிடித்த பாசியை அடிக்கடி சுரண்டுவார். நான் கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். அப்பா எனக்குப் போன் எடுத்தால் முதலில், "புது ப்ளக் வந்திருச்சா?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டாயா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே பாரம். ஏற்றுகிற பாரத்தைப் பார்க்காமல் இஞ்சினைக் குறை சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்சி. பின்பக்கம் பாரம் கூடினால் படகு வாலை இழுத்துக்கொண்டு மூக்கைத் தூக்கும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் வரும். ஆகவே எந்தக் கொம்பன் ஏறினாலும் முன்னுக்குப் போய்த் தரையில் உட்கார வேண்டும். இந்தப் பழக்கம் முற்றி, கோயிலுக்கு வேனில் போகும்போதுகூட, தடித்த உறவினர்களைப் பார்த்து இடம் மாறி உட்காரச் சொல்லுவார். இதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். அப்பாவிடம் குறையே இல்லை என்று நான் எழுத வரவில்லை.

மகாவலி பெருகிக் கம்பளைக்குள் வந்த அந்தக் காலையில், அடியைச் சுரண்டுவதற்காகக் கொண்டுவந்த படகு எங்கள் வீட்டு முற்றத்தில் கிடந்தது. எங்கள் வீடு மேட்டில். மாமாவின் வீடு ஆற்றுப் பக்கம், மேல்மாடி இல்லாதது. மாமா போனில் அழுதார். அதுவரை அப்பாவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர் அன்று, "மச்சான், எங்கள விட்டுறாதீங்க" என்றார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன், லொறிக்கார நானா, கேட்காமலே லொறியை எடுத்துவந்து, தண்ணீர் விளிம்புவரை படகை ஏற்றிப் போனார். மிதந்து வரும் மரத்தையும் வயரையும் பார்த்துச் சொல்ல முன்னால் ஓர் ஆள் வேண்டும் என்று நான் ஏறிக்கொண்டேன். அப்பா வேண்டாம் என்றார். நான் இறங்கவில்லை.

மாமாவும் அத்தையும் அவர்களுடைய மகளும் மதில்மேல் நின்றார்கள். மதில்மேல் சாமானும் நின்றது. தையல் மெஷின், தொலைக்காட்சி, கேஸ் சிலிண்டர், சேலைப் பெட்டி, இரண்டு குத்துவிளக்கு.

"ஆளுங்க மட்டும் ஏறுங்க மச்சான். சாமானுக்குப் பொறகு வர்றேன்" என்றார் அப்பா.

"பொறகுன்னா எப்ப? தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு" என்று மாமா முதலில் மெஷினை இறக்கினார்.

"பொண்ணுக்குன்னு சேத்தது அண்ணே. கோவிச்சுக்காதீங்க" என்று அத்தை பெட்டியை என் மடியில் வைத்தார்.

அப்பா எவ்வளவோ சொன்னார். வாக்குவாதம் பண்ண நேரமில்லை. எல்லாம் ஏறியது. மாமா பின்னுக்குப் போய், இஞ்சினுக்குப் பக்கத்தில், மெஷினைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாகனத்தில் பின் ஆசனம்தான் அவருக்குப் பழக்கம். முன்னுக்கு வரச் சொன்னபோது, "இங்கயே இருக்கேன், நீங்க எடுங்க" என்றார்.

குறுகிய ஒழுங்கைக்குள் எப்படியோ வந்துவிட்டோம். பிரதான வீதிச் சந்தியில்தான் ஆற்றிலிருந்து குறுக்கே பாய்ந்த தண்ணீர் எங்களைப் பிடித்தது. இஞ்சின் கதறியது. படகு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மெல்லப் பக்கவாட்டில், வயர் தொங்கிய ஒரு மின்கம்பத்தை நோக்கி நகர்ந்தது. பின்பக்க விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது.

"மச்சான், மெஷின தண்ணில தள்ளுங்க. முன்னுக்கு வாங்க."

"இஞ்சின இன்னுங் கூட்டுங்க!"

"கூட்டியாச்சு. இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. தள்ளுங்க மச்சான்!"

மாமா மெஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலடியில் தண்ணீர் வந்ததும் சாரத்தை இன்னொரு மடிப்பு தூக்கிக் கட்டினார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தையின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். "வந்து கைப்பிடியப் புடி. நேரா வை" என்று சொல்லிவிட்டு, மாமா குடும்பத்தைக் கரை சேர்க்க இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கினார். ஒரு கையால் கடைச் சுவர்களைத் தடவிப் பிடித்து, மறு கையால் படகின் கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தச் சந்தியைக் கடந்தார். நடுவில் ஒருமுறை, "ஆ" என்றார். தண்ணீருக்கு அடியில் கிடந்த தகரம் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது.

கரையில் மாமாவின் கண் சாமானில் இருந்தது. லொறிக்கார நானாதான் தன் சால்வையைக் கிழித்து அப்பாவின் காலைக் கட்டினார். அன்று பின்னேரம் அப்பா சேறு புகுந்த இஞ்சினைக் கழற்றிக் கழுவினார். தன் காலைக் கழுவியதைவிட அதைத்தான் நன்றாகக் கழுவினார். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கயிறு இழுத்த உடம்பு வலி என்று குளிசை போட்டுக்கொண்டு படுத்தார். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காயத்தின் வழியே வெள்ளத் தண்ணீர் ஏறி வந்த எலிக்காய்ச்சல் என்றார்கள். டாக்டர்களும் தாதிமாரும் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். சிறுநீரகம் திரும்ப வேலை செய்யவில்லை. மாமா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீடு கழுவும் வேலை இருந்ததாம். செத்த வீட்டுக்கு வந்தார். வந்தவர்களிடம், "சாதாரணக் காய்ச்சல்தான், வயசும் ஆச்சுல்ல" என்று தானே பொறுப்பாக நின்று சொல்லிக்கொண்டிருந்தார். தையல் மெஷின் நன்றாக ஓடுகிறதாகக் கேள்வி.

இந்த மலர் போடப்போகிறோம் என்றதும் மாமா எனக்குப் போன் எடுத்தார். "வெள்ளக் கதையெல்லாம் அதுல எதுக்கு? நாலு பேரு படிப்பாங்க" என்றார். நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். கூடப்பிறந்தவரைப் பற்றி எழுத விடவும் முடியாமல், கட்டியவருக்கு நடந்ததை மறைக்கவும் முடியாமல் அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை.

காலைக் கட்டிய நானாவுக்கும், இரத்தம் கொடுத்த, என்னோடு கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய அயலவர்களுக்கும், கொத்மலையிலிருந்து வந்து பாடையைத் தூக்கிய சிங்கள மீனவ நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனம் நிறைந்த நன்றி. மாமா குடும்பத்துக்கு நன்றி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியையாவது வெட்டச் சொல்லுவார் என்று பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னார்:

"எங்க அண்ணன எழுதினது எல்லாம் சரிதான். ஆனா அவங்களுக்காகத்தான் அப்பா எறங்குனாருன்னு எழுதியிருக்கியே, அது பிழை. ஆஸ்பத்திரில எங்கிட்ட சொன்னாரு. மெஷினும் மச்சானும் எக்கேடு கெட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன், முன்னால புள்ள உக்காந்திருந்திச்சுன்னு சொன்னாரு."

இந்த ஒரு வருடமாக மாமாவைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. மாமாமேல் கோபம் இப்போதும் குறையவில்லை. ஆனால் அந்த வெள்ளத்தில் அப்பா கரை சேர்த்தது என்னை. அதற்கு இந்த மலரில் எந்த இடத்தில் நன்றி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.