வசனம் இல்லாத இடங்கள்

சகாயம்மாளுக்குப் பாட்டு என்றால் பைத்தியம் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றுகிற சின்னக் கம்பெனி அது. கை கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் ரேடியோவோடு முணுமுணுக்கும். புதுப்படம் வந்தால் முதல் வாரமே பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்களுக்குக் கதை சொல்லுவாள். ஆனால் அவள் மனசு கிடந்தது பாட்டில் இல்லை. பாட்டும் வசனமும் இல்லாமல், காட்சிக்குப் பின்னால் சும்மா வந்துவிட்டுப் போகிற இசையில்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததிலேயே கல்யாண வயசு போய்விட்டது. அம்மா போனபிறகு தம்பி ஜோசப்ராஜ் வீட்டில் இருந்தாள். தம்பிக்கு ஆவடியில் வேலை. அவன் பெண்டாட்டி பேபி பூந்தமல்லிக்காரி. எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் நம்புவாள். பால்காரன் ஊற்றும்போதுகூட அவன் கையைப் பார்க்க மாட்டாள், முகத்தைத்தான் பார்ப்பாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு படம் வந்தது. அதில் மூடிக் கிடக்கும் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி நிற்பாள். அந்தப் பக்கம் அவளை விட்டுவிட்டுப் போகிறவன். நடுவில் ரயில் போகும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரே ஒரு வயலின் மெல்ல ஏறி, ரயில் போய் முடிவதற்கு முன்னாலேயே நின்றுவிடும். சகாயம்மாளுக்கு அந்த வயலின் மறுநாள் திருப்பலியிலும் கேட்டது, அதற்கு மறுநாள் மெஷின் முன்னாலும் கேட்டது.

மார்க்கெட் பக்கம் கேசட் கடை வைத்திருந்த கங்காதரனிடம் அந்தப் படத்தின் கேசட்டை வாங்கினாள். இரண்டு பக்கமும் பாட்டுதான். திரும்பப் போய்க் கேட்டாள்.

"எந்தப் பாட்டுக்கா இல்ல?"

"பாட்டு இல்லப்பா. கேட் மூடியிருக்கும்போது வருமே, அது."

தன்னைக் கிண்டல் பண்ணுகிறாளோ என்று கங்காதரன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "அதெல்லாம் கேசட்ல வராதுக்கா. படம் போச்சுன்னா அதுவும் கூடவே போய்டும்" என்றான்.

அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. கொட்டகையில் படத்தை மாற்றிவிட்டால் அந்த வயலினை இனி எங்கே போய்க் கேட்பது? பர்மா பஜாரிலிருந்து செங்கல் கணக்காய் ஒரு தட்டை டேப்ரெக்கார்டர் வரவழைத்தாள். சனிக்கிழமை கம்பெனி அரைநாள். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, ஒயர்கூடையில் ரெக்கார்டரை வைத்து, மேலே துண்டு, அதற்கு மேலே டிபன்பாக்ஸ் என்று அடுக்கிக்கொண்டு மாட்டினி ஷோவுக்குப் போனாள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகை. டிக்கெட் கிழிக்கிற முனியன், தனியாக வருகிற பெண் என்று பார்த்து, ஸ்பீக்கருக்குக் கீழே சுவரோரமாக இடம் காட்டினான். அவளுக்கு வேண்டியதும் அதே இடம்தான். அந்தக் காட்சி வரும்போது கூடைக்குள் கையை விட்டுப் பட்டனை அழுத்தினாள். சரியாக வயலின் ஏறுகிற நேரம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அடுத்த சனிக்கிழமை எவனோ விசிலடித்தான். அதற்கடுத்த வாரம் கரண்ட் போய்விட்டது. இப்படியே அந்தப் படத்துக்கும், அப்புறம் வந்த படங்களுக்கும் திரும்பத் திரும்பப் போனாள். எழுத்துப் போடும்போது வருகிற இசையும் வேண்டுமென்று சில நாள் உட்காரும் முன்னாலேயே பட்டனை அழுத்திவிடுவாள். போகப்போக டேப்புகள் சேர்ந்தன. கேட் வயலின் மட்டும் முழுசாய்ச் சிக்கவில்லை.

பேபிக்கு முதலில் சந்தேகம் வந்தது வார்னிஷ் வாசனையால். வேலைக்குப் போய்விட்டு வந்தால் சகாயம்மாள் புடவையில், காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் நெடி அடிக்கும். சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் நெடியும் குறைவு, களைப்பும் குறைவு. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட வேலை பார்க்கிற வசந்தா வீடு தேடி வந்து, சகாயம் எங்கே, கம்பெனிதான் ஒரு மணிக்கே விட்டாச்சே என்று கேட்டாள். பேபி சில வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், இந்த வயசில் இப்படி முகம் மலர்ந்து வருவதற்கு என்ன காரணம் என்று தனக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் புருஷனிடம் சொன்னாள். ஜோசப்ராஜ் முதலில் அவளைத் திட்டினான். இரண்டு நாள் கழித்து அவனுக்கே சாப்பாடு இறங்கவில்லை.

அங்கே கொட்டகையிலும் ஒரு ஆள் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் மணவாளன். ஓடிக்கொண்டிருக்கிற படமெல்லாம் பூந்தமல்லி வீடியோ கடைகளில் வாடகைக்குக் கிடைக்கிறது, உன் கொட்டகையிலிருந்துதான் போகிறது என்று முதலாளி அவரைக் காய்ச்சி எடுத்திருந்தார். அதிலிருந்து மேனேஜருக்கு எல்லார் மேலேயும் கண். அதிலும் இந்த அம்மாள்: ஒரே படத்துக்கு மறுபடி மறுபடி வருகிறாள், ஒரே இடத்தில் உட்காருகிறாள், மடியில் கூடை, பாதி நேரம் கண்ணை மூடியிருக்கிறாள். படம் பார்க்க வந்தவள் எதற்குக் கண்ணை மூட வேண்டும்?

இந்த நிலைமையில், அந்தக் கேட் படத்தை அதே கொட்டகையில் மறுபடி போட்டார்கள். அவள் போனாள். கம்பெனி வாசலிலிருந்தே ஜோசப்ராஜ் சைக்கிளில் பின்னால் வந்தது அவளுக்குத் தெரியாது. அவனும் டிக்கெட் வாங்கி நாலு வரிசை தள்ளி உட்கார்ந்து, அக்கா பக்கத்தில் எந்த ஆம்பளை வந்து உட்காரப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் வரவில்லை. இடைவேளை மணி அடித்ததும் டார்ச்லைட்டோடு கொட்டகை ஆள் ஒருத்தன் வந்து குனிந்து ஏதோ சொன்னான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஆபீஸ் ரூமுக்குள் போனாள். ஜோசப்ராஜ் வரிசையைத் தாண்டிப் பின்னாலேயே ஓடினான்.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது மேனேஜர் முன்னால் ரெக்கார்டர் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தது. சேர் கிறீச்சிடுகிற சத்தம், இருமல், முறுக்கு விற்கிறவன் குரல், எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ ஒரு வயலின்.

"இவங்க எங்க அக்கா. தனியா ரூமுக்குள்ள எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

மேனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஓகோ. கூட வந்த ஆளு நீதானா? படம் புடிக்கிற மெஷின் உங்கிட்ட இருக்கா?"

அக்காவோடு இவன் என்ன செய்தான் என்று தம்பிக்குச் சந்தேகம். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அந்த மியூசிக்கை நான் திரும்பக் கேக்கணும். அவ்வளவுதான் சார்" என்றாள் சகாயம்மாள்.

இரண்டு பேரும் நம்பவில்லை. போலீஸ், கேஸ் என்றெல்லாம் பேசிவிட்டு மேனேஜர் அன்றைய டேப்பை மட்டும் பிடுங்கி டிராயரில் போட்டுக்கொண்டு அனுப்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பி சர்ச் திரும்புகிற இடத்தில், யாருக்காக இதைச் செய்கிறாய் என்று கேட்டான். எனக்காகத்தான் என்றாள். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் பேபி பீரோவிலிருந்த டேப்புகளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர்கள் தேடியது ஒரு ஆம்பளைக் குரலை. சகாயம்மாள் சமையல்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வரை குழந்தை அழுகையும் விசிலும்தான் வந்தன. பிறகு பேபி சட்டென்று நிறுத்திப் பின்னால் ஓட்டினாள். ஒரு ஆள், மிகவும் கிட்டத்தில், தணிந்த குரலில்: "இப்டி செவுரு ஓரமா குந்திக்கக்கா. எவனும் வர மாட்டான்." இன்னொரு டேப்பிலும் அதே குரல் இருந்தது.

அது டிக்கெட் கிழிக்கிற முனியன், தனியாக வருகிற பெண்பிள்ளைகளை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதென்று எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லுவான் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். ஜோசப்ராஜ் திங்கட்கிழமை கொட்டகைக்குப் போய் முனியன் சட்டையைப் பிடித்தான். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. ஸ்பீக்கருக்குக் கீழே இடம் பிடித்துக் கொடுத்தவன் இவன். அப்படியானால் உள்ளே இருந்து உதவி செய்தவனும் இவன்தான். முனியனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகை வாசலில் வேறொருவன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்ட சகாயம்மாள் படத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் தம்பியோடு பேச்சில்லை. ஒரு நாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் முனியன் காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். இறங்கிக் கிட்டே போவதற்குள் அவனும் அவளைப் பார்த்துவிட்டான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

அந்த மாதமே தெருவில் ஒரு வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். கொட்டகையில் அந்த வாரம்வரை ஓடிய அதே கேட் படம். தெருவே கூடியது. சகாயம்மாள் வரவில்லை என்றாள், பிறகு வந்து கதவோரம் நின்றாள். ரயில்வே கேட் மூடியது. வயலின் தொடங்கியது. முதல் தடவையாக அதை முழுசாகக் கேட்டாள். அடியில் இன்னொரு கருவி மெதுவாகக் கூட வருவதையும் அன்றுதான் கேட்டாள்.

பேபி டிவியைப் பார்க்கவில்லை, நாத்தனார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஆள் யாரும் ஒளிந்திருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. பிறகுதான் டிவி பக்கம் திரும்பினாள். திரும்பினவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணி, இதுல ஒரு கொயந்தகூட அழுவலியே" என்றாள்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்த டேப்புகளைக் கேட்டவள் அவள். இந்த இடத்தில் ஒருத்தன் இருமுவான், ஒருத்தன் விசிலடிப்பான். வீடியோவில் ஒரு சேர்கூடச் சத்தம் போடவில்லை. சீட்டில் உட்கார்ந்து எடுத்ததாக இருந்தால் அந்தச் சத்தமெல்லாம் எங்கே போயிற்று?

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் பேபியே முன்னால் போனாள். சகாயம்மாள் பின்னால் போனாள். ஜோசப்ராஜ் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேனேஜர் முதலில் காது கொடுக்கவில்லை. பேபி விடவில்லை. டிராயரில் வைத்திருக்கிற டேப்பைப் போட்டுக் கேட்கச் சொன்னாள், பிறகு வீடியோவைக் கேட்கச் சொன்னாள்.

"ஆளுங்க நடுவுல குந்திகினு எடுத்தா இப்டித்தான் கீது. அந்த வீடியோ ஆளே இல்லாத எடத்துல எடுத்தது. படப்பொட்டி யாரு கையில இருக்குதோ அவங்களப் போயி கேளுங்க. டிக்கெட் கிழிக்கிறவன் கையிலயா இருக்குது?"

மேனேஜர் டிராயரைத் திறந்து அந்த டேப்பை வெளியே எடுத்து வைத்தார். தப்பு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நாளில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் மாறினார். எதனால் மாறினார் என்று யாரும் சொல்லவில்லை. முனியனைத் திரும்பக் கூப்பிட ஆள் போயிற்று. அவன் உடனே வரவில்லை. தீபாவளிப் படம் போட்டபோதுதான் பழைய இடத்தில் வந்து நின்றான்.

அன்றைக்கு சகாயம்மாள் வெறுங்கையோடு போனாள். டிக்கெட்டை நீட்டிவிட்டு, என்னால்தானே உனக்கு இப்படி ஆயிற்று என்றாள். முனியன் தலை நிமிராமல் கிழித்தான்.

"உன்னால இல்லக்கா. அவுங்களுக்கு எவனையாவது புடிக்கணும். நான் வாசல்ல நின்னுகினு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவன் அவளுக்கு இடம் காட்டவில்லை. மற்றப் பெண்களுக்குக் காட்டுவான், அவள் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அதை அவள் கடைசிவரை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, அது சரியாகவும் ஆகவில்லை. நாளடைவில் அவள் ஆவடிக் கொட்டகைக்கு மாறிக்கொண்டாள். தம்பி அவளிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோனால் சொல்லாமலே வாங்கி வந்து ரெக்கார்டர் பக்கத்தில் வைத்துவிடுவான். பேபி, தனியாக அனுப்ப மனசில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு, எல்லாப் படத்துக்கும் கூட வந்தாள். கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் வருகிறவன் போகிறவனைப் பார்ப்பாள். யாராவது இரண்டாவது தடவை திரும்பினால் நாத்தனார் காலை மிதிப்பாள். அவளுக்குப் பொருத்தமான வேலை அது.

தொண்ணூறுகளில் இசை மாறியது. புது ஆட்கள், புதுச் சத்தம். பழசுபோல வருமா என்று வசந்தா அலுத்துக்கொண்டபோது, வருவதைக் கேளேன் என்றாள் சகாயம்மாள். பக்கத்தில் எங்கே கச்சேரி என்றாலும் போனாள். தொண்ணூற்று நாலில் ஆவடி மைதானத்தில் ஒரு மெல்லிசைக் குழு வந்திருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் பாடகர்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். கீபோர்டுக்காரன் விரல் சும்மா இருக்காமல், அப்போது வந்திருந்த ஒரு படத்திலிருந்து பாட்டில்லாத ஒரு துண்டை வாசித்தான். கூட்டம் பேசிக்கொண்டே இருந்தது. சகாயம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

பின்னாலிருந்து ஒருவன் உட்காரச் சொன்னான். பேபி திரும்பி அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்ப இன்னா பாட்டா பாடறாங்க? நீ சும்மா குந்து" என்றாள்.

வாசித்து முடியும்வரை சகாயம்மாள் நின்றுகொண்டே கேட்டாள்.