அட்டைப்பெட்டி ஹோட்டல்

ஹோட்டலில் அவரை ‘ஈரத்துணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷமாக மேஜை துடைக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவருக்குக் குமட்டுவது சாப்பாடு இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். மூக்கைச் சிந்திய டிஷ்யூவைக் குழம்புக் கிண்ணத்துக்குள் அமுக்கிவிட்டுப் போவார்கள். சூயிங்கத்தை மேஜைக்கு அடியில் ஒட்டுவார்கள். சுரண்டும்போது சில சமயம் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். “மனுஷங்களா இவங்க? சீ!” என்று வீட்டுக்கு வந்து புலம்பாத நாளில்லை.

பள்ளி விடுமுறையில் அவருடைய பெண்கள் இரண்டு பேரும் வீட்டைத் தலைகீழாக்கினார்கள். தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, கூடத்தில் ஒரு விளையாட்டு ஹோட்டலைத் திறந்து வைத்தாள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் அடுப்பு. மஞ்சள் கம்பளி நூலில் நூடுல்ஸ். வெள்ளைத் துணி வட்டத்தில் மஞ்சள் பொத்தான் தைத்தால் முட்டை. சாப்பிட நிஜமாகவே நாலு பிஸ்கட். எட்டு வயதுப் பெரியவள் மெனு எழுதி ஒட்டினாள்: “சூப், சூடு. ஐஸ்கிரீம், சூடு இல்லை.”

வார விடுப்பில் அவர் காலை நீட்டி உட்கார்ந்ததும் சின்னவள் ஓடி வந்தாள். “அப்பா, நான் சமையல். அக்கா கஸ்டமர். நீங்க டேபிள் தொடைக்கணும்.”

“லீவு நாள்லயும் அதே பொழப்பா?” என்று சிரித்தபடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரியவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். விரலைச் சொடுக்கினாள். “ஏய், இங்க வந்து தொடை!” பிஸ்கட்டை மென்று தட்டிலேயே துப்பினாள். மூக்கைச் சிந்தி, டிஷ்யூவைக் கசக்கி, தண்ணீர்க் கிண்ணத்தில் அமுக்கினாள். சளி நூலாக இழுத்தது.

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “சீச்சீ! யாரைப் பார்த்துடி இந்த அசிங்கத்தைக் கத்துக்கிட்ட?”

“உங்களைப் பார்த்துதான்ப்பா. அம்மா பொறந்தநாளுக்குப் பெரிய ஹோட்டலுக்குப் போனோமே. அங்க தொடைக்கிற தாத்தாவை நீங்க இப்படித்தானே கூப்பிட்டீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை. “அவ பொய் சொல்லலையே. டிஷ்யூவைக் கிண்ணத்துல அமுக்கினதும் நீங்கதான். ஒரு நாளாவது உக்காந்து சாப்பிடுறீங்களேன்னு அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன்.”

அந்தக் கிழவரின் முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. அன்றைக்குத் தனக்குச் சுகமாக இருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. சொடுக்கினால் ஒரு ஆள் ஓடி வந்த சுகம். அதை நினைக்க நினைக்கத்தான் நிஜமாகவே வாந்தி வரும்போல் இருந்தது.

“அப்பா அன்னிக்குப் பண்ணது அசிங்கம்மா,” என்றார்.

“அப்ப ஹோட்டலை மூடிரலாமா?” என்றாள் பெரியவள்.

“வேண்டாம். நீ இதை எடுத்துக் குப்பையில போடு. நான் தொடைக்கிறேன்.”

பெரியவள் நனைந்த டிஷ்யூவை இரண்டு விரலால் தூக்கி, முகத்தைச் சுளித்து, “உவ்வே!” என்றாள். அவர் மேஜையைத் துடைத்தார். அன்று மதியம் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.