எறும்பு வராத தாகம்

என் கணவர் தண்ணீர் குடிப்பதை நான் கதவோரம் நின்று கவனிக்கத் தொடங்கியது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருந்தபோது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவர் கிள்ளானுக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்ததும் ஒரு ஜாடித் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் குழாயைத் திறப்பார். அடிக்கடி கழிவறைக்குப் போவார். கால் புண்ணும் ஆறவில்லை. இளவயதில் லோரி ரேடியேட்டரின் கொதிநீர் கொட்டிய தழும்பு அது. பல வருடம் சும்மா கிடந்துவிட்டு அப்போதுதான் வெடித்துப் புண்ணாகியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா உறுதியாகச் சொன்னார். "தாகம், ஆறாத புண்ணு. இனிப்பு நீர்தான் லா, சீனி வியாதி. பாத்ரூம்ல எறும்பு வருதான்னு பாரு."

பார்த்தேன். வரவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுகிறார் என்று நினைத்தேன். கோப்பியில் சீனியை நிறுத்தினேன். பாகற்காய்ச் சாறு கொடுத்தேன். தாகம் குறையவில்லை. அப்படியானால் வெளியே கடையில் சீனி போட்ட தே தாரிக் டீ குடிக்கிறார். கேட்கக் கூச்சம். பேசும் சாக்கில் பக்கத்தில் போய் முகர்ந்தேன்.

"என்னா, போலீஸ் நாய் மாதிரி மோந்து பாக்குற?"

"ஒன்னும் இல்ல."

கிளினிக்கில் சீனி இல்லை என்றார்கள். அந்தக் கிளினிக்கின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு மலச்சிக்கல், மறதி. ஒரு காலை என்னைப் பார்த்து, "ஆன்டி, தண்ணி இருக்கா?" என்றார். கேலி என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனேன்.

ரத்தக்குழாயில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். புண்ணில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். பெண் டாக்டர் தமிழில் விளக்கினார்.

"நல்ல தோல்லயும் ஒரு ஹார்மோன் ஊறும், ஆன்டி. கொஞ்சமா ஊறி அங்கேயே வேலைய பாத்துக்கும். இந்தப் புண்ணு அதை அளவுக்கு மேல செஞ்சு ரத்தத்துல விடுது. அது எலும்புல இருக்கிற கால்சியத்தை இழுத்து ரத்தத்துல கொட்டுது. தாகம், மறதி எல்லாம் அதனாலதான். புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்."

காலில் இருக்கும் புண் நாக்கை வறள வைக்குமா? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக் காலைக் கேட்கிறார்களே என்றிருந்தது. அதற்குள் அவருக்குத் தெளிவு வந்துவிட்டது. பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். குணமாகிவிட்டதே, பிறகு எதற்கு வெட்ட வேண்டும்?

"சொட்டு மருந்துல கால்சியம் இறங்கியிருக்கு. இது தற்காலிகம்தான். புண்ணு இருக்கிற வரைக்கும் திரும்ப ஏறும்," என்றார் டாக்டர்.

நான் நம்பவில்லை. சொட்டு மருந்தை நிறுத்திய பிறகு கட்டிலோரம் இருந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் நிறைந்திருந்தது. பிறகு ஊற்ற ஊற்றக் காலியானது.

"லோரிக்காரன்கிட்ட காலையா கேக்குறாங்க? முடியாதுன்னு சொல்லு," என்றார் அவர்.

அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. அன்று பேசினேன். "என்னை ஆன்டின்னு கூப்பிட்டீங்க."

"நானா?" சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அடங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, எடுக்கச் சொல்லு," என்றார்.

அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒருநாள், "கோப்பி போடு. சீனியோட," என்றார். சீனி தாராளமாகப் போட்டுக் கொடுத்தேன். ரசித்துக் குடித்தார். அதன் பிறகு ஜாடியைத் தேடுகிறாரா என்று கதவோரம் நின்று பார்த்தேன். கை அந்தப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.