வண்டி கேட்காத செலவு

கிறிஸ்துமஸ் முடிந்து புது வருடம் பிறப்பதற்குள் ஒரு நாள், அக்கா ஒரு முழுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதன் மேலே ‘வண்டி இந்த வருஷம் கேட்கப்போவது’ என்று எழுதுவாள். செலவு என்று எழுத மாட்டாள். டாக்டர்களுக்கே உரிய கோணல் கையெழுத்து. ஆனால் அந்தத் தலைப்பை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதுவாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டிவிடுவாள். நான் கணக்குப் பாடம் எடுத்துப் படித்தவள். வீட்டில் எந்தக் கூட்டலும் கழித்தலும் என் கைக்குத்தான் வரும்.

சாந்தோமில், மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில், ஒரு சின்ன வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அக்கா, நான். அப்பா இறந்தபோது அக்கா டாக்டர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு வீட்டு வாடகை, என் கல்லூரிச் சம்பளம், அம்மாவின் ஆஸ்துமா மருந்து எல்லாம் அவள் தலையில். பெண்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாதம் இருநூற்றைம்பது ரூபாய். தனக்கென்று அவள் ஒரு நல்ல கைக்கடிகாரம்கூட வாங்கிக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவள், யுத்தம் முடிந்த மறு வருடம், ஊருக்குக் கப்பலேறவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஆயிரத்து நூறு ரூபாய்க்கு ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். அதுவும் எப்படிப்பட்ட வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணி. சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பி வைத்த சக்கரங்கள், நீளமான மூக்கு, கரும்பச்சை நிறம். இங்கிலாந்தில் பந்தயத்துக்கு ஓட்டுவார்களாம். அப்போதே அதற்குப் பன்னிரண்டு வயது.

“இதுல நான் எங்க உக்கார்றது?” என்று அம்மா கேட்டாள். அக்கா சிரித்துவிட்டாள்.

பழைய வண்டியை வாங்குவது பெரிதில்லை, வைத்துக்கொள்வதுதான் பெரிது என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எனவே இராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனாள். பாய் வீட்டில் உருது பேசுபவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அக்கா கையில் பிறந்தவர்கள். அதனால் வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்பார். அக்கா கொடுக்காமல் வர மாட்டாள். பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அடியில் புகுந்து, சக்கரத்தை ஆட்டி, வண்டி உடம்பின் மரச்சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கு எழுத வராது. நான் எழுதிக்கொள்வேன்.

அந்தத் தாளில் மூன்று பகுதிகள் இருக்கும். வரி, இன்ஷூரன்ஸ், எண்ணெய், கிரீஸ் என்று கட்டாயம் ஆகக்கூடியவை ஒன்று. டயர், பிரேக், பேட்டரி என்று தேய்ந்துகொண்டே வருபவை இன்னொன்று. மூன்றாவது, எதுவென்று தெரியாமல் வந்து நிற்பது. அதற்கு முதல் இரண்டையும் கூட்டி அதில் நாலில் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்வாள். மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, வருகிற தொகையைச் சம்பள நாளன்றே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவாள். பெட்ரோல் இதில் சேராது. அது ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற அளவுதான். முதல் வருடம் நாங்கள் போட்டது நானூற்றிருபது. ஆனது நானூற்றைந்து. மிச்சம் பதினைந்து ரூபாயில் எனக்கு மெல்லிய வாயில் துணியில் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தாள்.

“டயர் சொல்லாம வெடிக்காது பாப்பா. ஆறு மாசமா சொல்லிக்கிட்டேதான் இருக்கும். நாமதான் குனிஞ்சு பாக்கிறதில்ல” என்பாள்.

சனிக்கிழமை பிற்பகலில் அந்த வண்டி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போகும். திருவான்மியூருக்கு அப்பால் அந்தக் காலத்தில் சவுக்குத் தோப்பும் மணலும்தான். கடலோரத்தில் ஒரு குப்பம். அங்கே ஒரு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பாள். காசு வாங்க மாட்டாள். மீன் கொடுத்தால் மறுக்கவும் மாட்டாள். ஆனால் அவள் அதற்காகத்தான் வண்டி வைத்திருந்தாள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவளுக்கு ஓட்டுவது பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவாள். கூந்தலை ஒரு பட்டுத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பாள். அப்படியும் முன்நெற்றி மயிர் பறக்கும். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் நான் பார்த்திராத ஒரு முகம் அப்போது அவளுக்கு வரும். வேகம் கூடக் கூட அவள் வயது குறைவது போல இருக்கும். சாலையோரத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கவனிக்க மாட்டாள். நான் கவனிப்பேன்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. மூன்றாவது வருட முடிவில் எனக்கு ஒரு வரன் வந்தது. தியாகராய நகரில் சொந்த வீடு, பையனுக்குப் பாங்கில் வேலை. அவரை நான் ஒரு முறை தூரத்தில் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பலகாரம் சாப்பிட்ட தட்டை வைக்கிற சாக்கில் அந்த அம்மாள் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அம்மாவும் அக்காவும் முன்னறையில் இருந்தார்கள்.

“அந்த வண்டியை உங்க அக்காதான் ஓட்டுதாமே?”

“ஆமாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வர.”

“நல்ல பொண்ணுதான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆனா திறந்த வண்டியில தலைவிரிகோலமா ஊரைச் சுத்துற மாதிரி இருக்குல்ல? எங்க பக்கத்து ஜனங்க ஒரு மாதிரி. கல்யாணத்துக்குள்ள அதை ஒதுக்கிட்டா எல்லாருக்கும் நல்லது. நீ பக்குவமா எடுத்துச் சொல்லு.”

நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் யோசித்திருப்பாள், மறுநாளே விற்றிருப்பாள். எனக்காக அவள் விட்டுக்கொடுத்தவற்றில் இன்னொன்று சேர்ந்திருக்கும். அதைத்தான் நான் விரும்பவில்லை. வண்டி போக வேண்டும். ஆனால் அது என்னால் போனதாக இருக்கக் கூடாது. நன்றிக்கடன் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போக நினைத்தேன். இப்படி அன்றைக்கு நான் தெளிவாக எண்ணினேனா என்றால், இல்லை. தெளிவாக எண்ணியிருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று நம்பத்தான் ஆசை.

அந்த டிசம்பரில் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஓய்வே இல்லை. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, “நீ போய் பாய் சொல்றதை எழுதிட்டு வந்துடு பாப்பா” என்றாள். போனேன்.

“டயரு ரெண்டு மாத்தணும்மா. ரெண்டு இன்னும் ஒரு வருசம் ஓடும்” என்று பாய் ஆரம்பித்தார். “மேல மூடற ஹூட் துணி கிழிஞ்சிகீது. கதவாண்ட மரம் கொஞ்சம் உளுத்துகீது, அத்த நான் பாத்துக்கறேன். இன்ஜினு கல்லு மாரி கீது, அத்தத் தொட வேணாம். டாக்டரம்மா வண்டிய கொயந்த மாரி வச்சிக்கினுகீறாங்க.”

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அக்கா காலையிலேயே தலைப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்த தாளை எடுத்தேன். இரண்டு டயரை நான்காக்கினேன். கதவு மரத்தை முழுச் சட்டமாக்கினேன். ‘இன்ஜின் முழுக்கப் பிரித்து, சிலிண்டர் கடைந்து, பிஸ்டன் சீமையிலிருந்து தருவிக்க’ என்று ஒரு வரி சேர்த்தேன். பட்டறையில் அங்கங்கே காதில் விழுந்திருந்த சொற்கள்தான். மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது வந்தது. கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன். பொய்யிலும் கூட்டல் பிசகக் கூடாது என்று தோன்றியது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல், நின்றபடியே அதைப் படித்தாள். இன்ஜின் வரியில் விரலை வைத்தாள். “சத்தம் நல்லாத்தானே இருந்திச்சு” என்றாள், தனக்குள் பேசுவது போல. பிறகு, “பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்.” உட்கார்ந்தாள். “உன் கல்யாண வருஷத்துல இதை எப்படிப் போடறது? முடியாது பாப்பா. வித்துடலாம்.”

இன்ஜின் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லியேதான் விற்றாள். மறைக்கத் தெரியாதவள். அதனால் விலையும் குறைந்தது. கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் அறுநூறுக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் என் கல்யாண நகையில் சேர்ந்தது. அவர் வண்டியை எடுக்க வருகிற நாளன்று காலையில், “பாலம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரலாம், வர்றியா?” என்று அக்கா கேட்டாள். தலைவலி என்றேன். தனியாகப் போனாள். அரை மணியில் திரும்பிவிட்டாள்.

கல்யாணமாகித் தி. நகருக்கு நான் போய்விட்டேன். அக்கா பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குப்பத்துக்குச் சில சனிக்கிழமைகள் ஜட்கா பேசிக்கொண்டு போனாள். மணலில் குதிரை திணறுகிறது என்று வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். போய்த் திரும்புவதற்குள் பொழுதும் போய்விடும். நின்றுபோயிற்று. ஒரு முறை நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது குப்பத்துப் பெண் ஒருத்தி, ஏழு மாத வயிற்றோடு, அத்தனை தூரம் நடந்தே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டரம்மா வண்டி இன்னா ஆச்சும்மா? எங்களாண்ட வர்றதே இல்லியே” என்று என்னைக் கேட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

என் மூத்த மகன் பிறந்த இரண்டாம் மாதம், பாய் ஒரு தட்டில் பழமும் கல்கண்டும் எடுத்துக்கொண்டு எங்கள் வீடு தேடி வந்தார். அக்காவும் அன்று வந்திருந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் பாய் சொன்னார்:

“நம்ம வண்டி போன வாரம் பட்டறைக்கு வந்திச்சு டாக்டரம்மா. ஸ்டுடியோக்காரரு எட்த்துக்கினு வந்தாரு. ஓட்டிப் பாத்தேன், பட்டு மாரி ஓடுது. ஏம்மா அத்த வித்தீங்க?”

“இன்ஜின் பிரிச்சாச்சா?” என்று அக்கா கேட்டாள்.

“இன்ஜின இன்னாத்துக்குப் பிரிக்கணும்?”

“நீங்கதானே பிரிக்கணும்னீங்க பாய். பிஸ்டன் எல்லாம் மாத்தணும்னு.”

“நானா?” பாய் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். “கல்லு மாரி கீது, தொட வேணாம்னுதானேம்மா சொன்னேன். சின்னம்மாவாண்டதானே…” என்றபடி என் பக்கம் திரும்பினார்.

அக்காவும் திரும்பினாள். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

“ஓ, ஆமா ஆமா” என்றாள் அக்கா. “நான்தான் வேற எதையோ நினைச்சுக்கிட்டுச் சொல்றேன். எனக்கே ஓட்ட அலுத்துப் போச்சு பாய். அதான் வித்தேன்.”

பாய் போன பிறகு அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் காலில் விழுந்துவிடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசினாள். தொட்டிலில் போட்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று குடையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை கூடப் போனேன். ‘நான்தான் எழுதினேன் அக்கா’ என்று சொல்ல அந்த வாசல் போதும். சொல்லவில்லை. அன்று சொல்லாததால் அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாயிற்று. ஒரு வருடம் போனதும், சொல்வதே அவளைப் புதிதாகப் புண்படுத்தும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்களுக்குள் வெளியே தெரிகிற மாதிரி எதுவும் மாறவில்லை. என் மூன்று பிள்ளைகளும் அவள் கையில்தான் பிறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கு வெடி வாங்கிக்கொண்டு வருவாள். அவள் மறுபடி வண்டி வாங்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. போன வருடம் அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கடற்கரைச் சாலையில் எங்கள் காருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் உள்ளே மாறியிருந்தது, பல வருடங்களுக்கு முன் ஒரே ஒரு நாள் மட்டும் எனக்குத் தெரிந்தது. அம்மா காலமான பிறகு, அக்கா அடையாற்றில் ஒரு சின்ன மனை வாங்கி வீடு கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். நான் போனபோது மேஜைமேல் மேஸ்திரி கொடுத்த மதிப்பீட்டுத் தாள் விரித்திருந்தது. செங்கல் இத்தனை, சுண்ணாம்பு இத்தனை, தேக்கு இத்தனை. கீழே கூட்டல் போடாமல் இருந்தது. பழக்கத்தில் கையை நீட்டி, “கொடுக்கா, நான் பாக்கறேன்” என்றேன்.

அக்கா தாளைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. குரலும் எப்போதும் போலத்தான் இருந்தது.

“வேணாம் பாப்பா. நானே பாத்துக்கறேன்.”

பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் விட்டு எண்ணி, மெதுவாகக் கூட்ட ஆரம்பித்தாள். அவளுக்குக் கூட்டல் வராது. இரண்டாவது வரியிலேயே தப்புப் போட்டாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.