ஊர்ப் பாங்குக்குப் பிடித்த நோன்பு

போன ரமலானுக்கு நானும் என் மனைவியும் கொல்கத்தாவில் இருந்தோம். சால்ட் லேக்கில் மகனுக்கு வேலை. அவளுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்ததும், ஊரில் எங்கள் இருவரையும் யார் பார்ப்பது என்று அவன்தான் வந்து கூட்டிப் போனான். முதல் மாடியில் வீடு. சாப்பாட்டு மேசை ஜன்னலோரம், ஜன்னலுக்குக் கீழே காம்பவுண்டு கேட். பள்ளிவாசல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்ததால் ஜன்னலை மூடிவிட்டால் தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் வீட்டுக்குள் எட்டாது.

பிறை தெரிந்த அன்று மகன் அவளிடம் கெஞ்சினான். "அம்மா, நோயாளிக்கு மார்க்கமே விலக்கு குடுத்திருக்கு. டாக்டரும் கூடாதுங்கிறாரு. அத்தா, நீங்களாச்சும் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த வருஷம் புடிச்சுக்கலாம்னு எனக்கு நீங்க எழுதிக் குடுங்க. நான் இந்த வருஷம் விட்டுடுறேன்."

என்னால் என்ன எழுதிக் கொடுக்க முடியும்? சரி என்று விட்டேன். படிப்பு எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான். தொழுகை, நோன்பு இரண்டையும் தவறவிடாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். நோன்பை விடு என்று மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவளுடைய போனில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் பாங்கு நேரடியாக வரும். ஊர்க்காரப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு. அவள் அதைத் தலைமாட்டில் வைத்திருப்பாள். பாங்கு சொல்லும் மோதினாருக்குச் சளி பிடித்தால்கூட இங்கிருந்தே சொல்லிவிடுவாள். புது ஊரில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

மாலையில் நோன்பு திறக்க மகன் கூட இருப்பான். அவன் போனைப் பார்த்து நேரம் சொல்ல, பேரீச்சம்பழத்தை வாயில் வைப்போம். நாங்கள் கஞ்சி குடித்து, தொழுது முடித்த பிறகு அவள் போனில் ஊர்ப் பாங்கு வரும். அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

"பாருங்க, ஊருல உங்க அக்கா இப்பத்தான் சம்சாவையே கையில எடுக்குது. நாம ஏப்பமே விட்டாச்சு."

"கிழக்க வந்துட்டம்ல. இங்க பொழுது சீக்கிரம் போயிடும்" என்பேன், பெரிய கணக்கு வாத்தியார் மாதிரி.

பிறகு மகன் இரவு வேலைக்குக் கிளம்பிவிடுவான். விடியுமுன் சாப்பிட்டு முடிக்க வேண்டிய சஹர் சாப்பாடு அவனுக்கு ஆபீசில். எங்களுக்கு வீட்டில். நான் எழுந்து சோறு வடித்து, அவளுக்கு மட்டும் குழைய வேகவைத்து, பால் ஊற்றிப் பிசைந்து வைப்பேன். அவள் ஒரு கவளத்தை வாயில் போட்டு, குமட்டல் அடங்கும் வரை கண்ணை மூடியிருந்து அடுத்ததை எடுப்பாள். ஒரு கிண்ணம் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகும். "அவசரமில்ல புள்ள, இன்னும் பாங்கு சொல்லல" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவேன். உள்ளே டியூப் லைட் எரிவதால் ஜன்னல் கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரியும். போனில் மோதினார் குரல் வந்ததும் கடைசி மடக்குத் தண்ணீரை வைத்துவிட்டு நோன்பு வைப்பதாக நிய்யத்தைச் சொல்லிக்கொள்வோம்.

பொழுது முந்திப் போகிற ஊரில் முந்தித்தானே விடியும்? மாலையில் அதைச் சொல்லிச் சிரித்த எங்கள் இரண்டு பேருக்கும் காலையில் அந்த யோசனை வரவேயில்லை.

பதினெட்டாம் நோன்பு அன்று சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். முர்ஷிதாபாத் பக்கத்து ஆள், நல்ல தொழுகையாளி. நான் சவூதியில் பத்து வருஷம் கடையில் நின்றவன் என்பதால் அவர் பேசும் இந்தி எனக்குப் புரியும்.

"சாச்சா, சாச்சி எப்படி இருக்காங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், இருக்கா."

"உங்கள நினைச்சா எனக்கு ஆச்சரியமா இருக்கு சாச்சா. ஃபஜ்ரு தொழுதுட்டு நான் திரும்பி வர்றப்ப தினமும் பாக்குறேன். ஜன்னல் பக்கத்துல உக்காந்து சாச்சிக்கு ஊட்டுறீங்க. நீங்களும் கூட சாப்புடுறீங்க. சீக்காளி மட்டும் தனியா சாப்புட்டா மனசு கஷ்டப்படும்னு நீங்களும் நோன்ப விட்டுட்டீங்கல்ல? என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், அழுதுட்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் திரும்பும்போது என்கிறாரே என்று நின்றேன். பிறகு புரிந்தது. இந்த ஊரில் விடியற்காலை பாங்கு சொல்லி, ஃபஜ்ரு தொழுகையும் முடிந்த பிறகுதான் நாங்கள் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். கையில் இருந்த பழப்பையை கேட் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு சாச்சா, தண்ணி வேணுமா?" என்றார். நோன்பு விட்டவன் என்று நினைத்துத்தானே கேட்டார்.

மாடிக்குப் போகாமல் ஊர்ப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நாங்கள் சாப்பிட்ட நேரத்தை அவர் கேட்டுக்கொண்டார்.

"ஃபஜ்ரு நேரம் வந்தப்புறம் சாப்புட்டது வெளங்கிட்டா அந்த நோன்பு கூடாது பாய், கணக்குல சேராது. நீங்க வேற நாள்ல புடிச்சுக் களாச் செய்யணும். தெரியாமச் செஞ்சதுனால குத்தம் இல்ல. ரெண்டு பேரு மேலயும் இல்ல."

"அவளால எப்ப களாச் செய்ய முடியும் ஹஜ்ரத்?"

"சொகமாகாத நோய்னா ஏழைக்குச் சாப்பாடு குடுக்குற ஃபித்யா போதும். அல்லாஹ் அவங்க நிய்யத்தப் பாக்குறான்."

"அவகிட்ட சொல்லணுமா?"

"அத நீங்கதான் பாக்கணும்" என்றார்.

நான் மாடி ஏறினேன். அவள் தலையணையில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. "இன்னையோட பதினெட்டு" என்று விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தாள். நான் பழத்தை நறுக்கப் போய்விட்டேன். நோன்பு வைத்த வாயால் பொய் பேசக்கூடாது என்று மகனுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று என் வாயில் நோன்பும் இல்லை, உண்மையும் இல்லை.

மறுநாள் முன்கூட்டியே எழுப்பினேன். இந்த ஊர் நேரத்துக்குள் கிண்ணத்தை முடிக்க அவசரப்படுத்தினேன். பாதியிலேயே நேரம் வந்துவிட்டது.

"வாயக் கொப்புளிச்சுக்க புள்ள."

"ஏங்க? பாங்கு இன்னும் சொல்லலையே. இன்னும் நாலு வாய் இருக்கு."

"கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்குவோம். பேணுதலா இருக்கும்."

"பதினெட்டு நோன்புக்கு இல்லாத பேணுதல் இப்ப எங்கிருந்து வந்துச்சு? திடீர்னு அவுலியா ஆயிட்டீங்களோ?" என்று கேலி செய்தாள். ஆனாலும் கொப்புளித்தாள். போனில் பாங்கு வரும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது புரிந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. புரிந்திருந்தால் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அந்த அரைக் கிண்ணச் சோற்றில் நான்கு நாள் ஓட்டினாள். மீதி நான்கு வாயை நான் எடுத்துக் குப்பையில் கொட்டுவேன். சொல்லிவிட்டால் மிச்ச நோன்பையும் விட்டுவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் கூடாத பதினெட்டைக் கூடியது என்று நம்பிக்கொண்டே போய்விடுவாளே என்றும் பயம். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் கிடந்து கேட்டேன். எந்தப் பக்கமும் மனம் திறக்கவில்லை. ரமலானில் கேட்டால் கிடைக்கும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் உண்மை.

இருபத்து மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போனவள் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்தும், பிறகு வாயில் தண்ணீரும் கொடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நோன்பு போச்சா?"

"போச்சு புள்ள. பரவாயில்ல."

"இன்னைக்கு உள்ளது போகட்டும். இருபத்திரெண்டு முழுசா புடிச்சேன்ல?"

மகன் என் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. "ஆமாம்மா, இருபத்திரெண்டு. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு வேற யாரு புடிப்பா?" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் என் கையைப் பிடித்தாள். "என்கிட்ட வேற எதுவும் பெருசா இல்லைங்க. ஹஜ்ஜுக்குப் போகல. ஓதக்கூட சரியாத் தெரியாது. இந்த இருபத்திரெண்டத்தான் கொண்டு போறேன். மறுமையில ரப்பு கேட்டா, கூட இருந்து பாத்தேன்னு நீங்க சாட்சி சொல்லுவீங்கள்ல?"

"சொல்லுவேன்" என்றேன்.

பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் மௌத்தானாள். கொல்கத்தாவிலேயே அடக்கினோம். ஊர்ப் பாங்கு கேட்காத மண்.

அவள் மேல் குற்றமில்லை என்று ஹஜ்ரத் மறுபடியும் சொன்னார். நம்புகிறேன். ஆனால் அவள் கேட்டது குற்றம் உண்டா இல்லையா என்று அல்ல, சாட்சி சொல்வீர்களா என்றுதான். என்னுடைய பதினெட்டை இப்போது களாச் செய்து வருகிறேன். தனியாகச் சோறு வடித்து, இந்த ஊர் நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிறேன். பதினொன்று ஆகிவிட்டது. இன்னும் ஏழு பிடித்தால் என் கணக்கு தீரும். அவளுடைய கணக்கில் என்னால் ஒன்றையும் கூட்ட முடியாது.

மறுமை நாளில் என்னை நிறுத்தி, என்ன பார்த்தாய் என்று கேட்டால் நான் நான்குக்குத்தான் சாட்சி சொல்ல முடியும். மீதி பதினெட்டுக்கு, பாங்கு சொல்லவில்லை என்று சொல்லி ஊட்டியவன் நான்தான் என்று சொல்வேன். அவளும் அங்கே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.